சாஃப் கிண்ணம் பார்க்கத் தொடங்குவோருக்கு: வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

உலகக் கிண்ணம் நடக்கிற மாதத்தில் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பிரேசில் கொடியும் ஆர்ஜென்ரீனாக் கொடியும் பறக்கும். ஓட்டோவின் பின்கண்ணாடியில் மெஸ்ஸி சிரிப்பார். அது முடிந்த கையோடு கொடிகளை மடித்து வைத்துவிடுவோம். பிறகு உதைபந்தாட்டம் என்றால் ஊர்க் கழகம் நடத்தும் ஞாபகார்த்தக் கிண்ணம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அநேகம் பேர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை: தெற்காசிய நாடுகள் மோதுகிற சாஃப் சுற்றுப்போட்டி.

உதைபந்தாட்டம் பார்க்கப் பழக வேண்டும் என்று கேட்டு வருகிற ஆட்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஏழெட்டு நாடுகள், கூடினால் பதினைந்து ஆட்டங்கள், இரண்டு கிழமை. ஒரு ஆட்டத்தையும் விடாமல் பார்த்துத் தலைக்குள் வைத்திருக்கலாம். இலங்கை அணியும் விளையாடும், தோற்றாலும் ஏன் தோற்றது என்று விளங்கும். முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு அணிகள் ஓடுகிற உலகக் கிண்ணத்தில் புது ஆளுக்கு அந்த வசதி கிடையாது. கீழே சொல்கிற ஒழுங்கில் போனால், ஒரே தொடருக்குள் நீங்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிடுவீர்கள்.

முதலில் நாடுகளைப் பழகுங்கள்

சாஃப் என்பது தெற்காசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு. 1997இல் தொடங்கியது, தலைமையகம் டாக்காவில். இப்போது அங்கத்துவ நாடுகள் ஏழு: இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், மாலைதீவு, பாகிஸ்தான், பூட்டான், இலங்கை. ஆப்கானிஸ்தான் 2005இல் சேர்ந்து, பத்து வருடம் இருந்து, மத்திய ஆசியக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. கூட்டமைப்பு உருவாக முன்னமே கிண்ணம் நடக்கத் தொடங்கிவிட்டது. முதல் போட்டி 1993இல் லாகூரில். இந்தியா முதலிடம், இலங்கை இரண்டாமிடம்.

2023 வரை பதினான்கு தடவை நடந்திருக்கிறது. அதில் ஒன்பது தடவை இந்தியா வென்றிருக்கிறது. மாலைதீவு இரண்டு (2008, 2018), இலங்கை ஒன்று (1995), பங்களாதேஷ் ஒன்று (2003), ஆப்கானிஸ்தான் ஒன்று (2013). நேபாளம் ஒரேயொரு இறுதிப்போட்டி ஆடியது, 2021இல், இந்தியாவிடம் 3-0 தோல்வி. பாகிஸ்தானும் பூட்டானும் இறுதிக்கு வந்ததே இல்லை.

இந்தியா ஒன்பது என்றதும் "அப்ப என்னத்தைப் பார்க்கிறது" என்று தோன்றும். மாலைதீவின் வரியில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டங்களையும் கூட்டினால் 2012 கணக்கெடுப்பில் 4 இலட்சத்து 77 ஆயிரம் பேர். அதாவது வன்னியளவு சனம் உள்ள ஒரு நாடு, நூறு கோடிக்கு மேல் சனம் உள்ள நாட்டை இரண்டு இறுதிப்போட்டிகளில் வென்று கிண்ணத்தைத் தூக்கியிருக்கிறது. எங்கள் பொடியளோடு இதைப் பற்றிக் கதைக்கும்போது நான் வேறு உதாரணம் தேடுவதில்லை.

வரலாற்றில் மூன்று வருடங்கள் போதும்

பதினான்கு இறுதிப்போட்டிகளையும் பாடமாக்கத் தேவையில்லை. மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1995, கொழும்பு. சுகததாச விளையாட்டரங்கில் இலங்கை மேலதிக நேரத்தில் 1-0 என்று இந்தியாவை வென்றது. இன்றுவரை இலங்கையின் ஒரே சாஃப் கிண்ணம். வவுனியாவிலுள்ள தாண்டிக்குளத்துக்கு இந்தப் பக்கம், வன்னியில், போரால் அப்போது மின்சாரம் கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். எங்கள் வயதுக்காரரிடம் அந்தக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டால் பாதிப்பேர் முழிப்பதற்கு அதுதான் காரணம்.

2013, காத்மண்டு. ஆப்கானிஸ்தான் இறுதியில் இந்தியாவை 2-0 என்று வென்றது. சண்டையிலிருந்து முழுதாக மீளாத நாடு. அணியில் பலர் ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகள். அரையிறுதியில் நேபாளத்துக்குக் கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளை கோல் காப்பாளர் மன்சூர் ஃபக்கிரியார் தடுத்தார், அதுவும் காத்மண்டுச் சனத்துக்கு முன்னால். தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே போனது. கோல் காப்பாளர் ஒருவர் ஒரு தொடரை எப்படித் தூக்கி நிறுத்தலாம் என்று விளங்க அந்த ஆட்டத்தின் சுருக்கத்தைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது 2018. அதை அடுத்த படியில் சொல்கிறேன், புள்ளிக் கணக்கு தெரியாமல் அதன் ருசி வராது.

புள்ளி அட்டவணையைக் கையால் எழுதுங்கள்

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறை. தோற்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். அதனால் குழுநிலைப் போட்டி என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் குழப்பம். "தோத்துப்போச்சு, இன்னும் ஏன் விளையாடுறாங்கள்?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும்.

எட்டு அணிகள் என்றால் இரண்டு குழு, குழுவுக்கு நான்கு. குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒரு தடவை ஆடுவார்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. இரண்டு குழுவிலும் முதல் இரண்டு இடம் அரையிறுதிக்குப் போகும். ஒரு குழுவின் முதலாமிடம் மற்றக் குழுவின் இரண்டாமிடத்தைச் சந்திக்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. அரையிறுதியிலிருந்து சமநிலை என்ற கதை இல்லை: 30 நிமிட மேலதிக நேரம், அதிலும் முடியாவிட்டால் பெனால்ட்டி.

அணிகளின் எண்ணிக்கை குறைந்தால் அமைப்பும் மாறும். 2021இல் மாலேயில் ஐந்து அணிகள்தான். எல்லோரும் எல்லோரோடும் ஆடி, முதல் இரண்டு பேர் நேரே இறுதிக்குப் போனார்கள். 2023இல் பெங்களூரில் அதற்கு மறுவளம்: உறுப்பு நாடுகள் போதாமல் குவைத்தையும் லெபனானையும் விருந்தினராக அழைத்தார்கள். ஆகவே தொடர் தொடங்க முன் "இந்தமுறை எத்தினை அணி, எத்தினை குழு" என்ற ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

இனி ஒரு கொப்பித் தாளை எடுங்கள். அணியின் பெயர், ஆடியது, வென்றது, சமன், தோற்றது, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி என்று கோடு போடுங்கள். போனில் எல்லாம் வரும்தான். ஆனால் கையால் எழுதினால்தான் கடைசி ஆட்டத்தில் எந்த அணிக்கு எத்தனை கோல் தேவை என்று தலையில் நிற்கும்.

இப்போது 2018க்கு வருவோம். டாக்காவில் நடந்தது. இந்தியா, மாலைதீவு, இலங்கை ஒரு குழுவில்; மூன்றே அணிகள். இந்தியா இலங்கையை 2-0 என்று வென்றது. இலங்கையும் மாலைதீவும் 0-0. பிறகு இந்தியா மாலைதீவையும் அதே 2-0. எழுதிப் பாருங்கள்: மாலைதீவுக்கு ஒரு புள்ளி, அடித்தது பூச்சியம், வாங்கியது இரண்டு. இலங்கைக்கும் ஒரு புள்ளி, அடித்தது பூச்சியம், வாங்கியது இரண்டு. ஒன்றுக்கொன்று ஆடிய ஆட்டமும் சமன். பிரிப்பதற்கு எதுவுமே மிஞ்சவில்லை. நாணயத்தைச் சுண்டினார்கள். மாலைதீவு உள்ளே, இலங்கை வீட்டுக்கு.

ஒரு கோலும் அடிக்காமல் அரையிறுதிக்கு வந்த அந்த மாலைதீவு, நேபாளத்தை 3-0 என்று அடித்தது. இறுதியில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. இலங்கை மட்டும் தன்னுடைய இரண்டு ஆட்டங்களில் ஏதோ ஒரு இடத்தில், மூலை உதையிலோ வேறெப்படியோ, பந்தை ஒரு தடவை உள்ளே தள்ளியிருந்தால் கதையே வேறு. "2-0 தோல்வி நிச்சயம், 89ஆவது நிமிடத்தில் ஏன் இவ்வளவு ஓடுகிறான்" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

புள்ளி சமன் என்றால் எதை முதலில் பார்ப்பது, கோல் வித்தியாசத்தையா, நேருக்கு நேர் ஆடிய முடிவையா என்பது தொடருக்குத் தொடர் மாறும். மூன்றாவது சுற்று ஆட்டங்களுக்கு முன் அந்தத் தொடரின் விதியை வாசித்துவிட்டு உட்காருங்கள். வாசிகசாலையில் நடக்கிற பெரிய சண்டைகளில் பாதி இதனால்தான்.

வீரர்களில் இருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சாஃப் வரலாற்றில் கோல் அடித்தவர்கள் என்றால் இரண்டு பெயர். இந்தியாவின் சுனில் சேத்ரி, மாலைதீவின் அலி அஷ்பாக். இந்தத் தொடரில் மட்டும் இருவரும் தனித்தனியே இருபதுக்கு மேல் கோல் போட்டவர்கள்.

அஷ்பாக்கை இலங்கை ரசிகர் மறக்க மாட்டார். 2013இல் மாலைதீவு எங்களுக்கு 10-0 என்று அடித்தது. அதில் ஆறு அவருடையது. அந்தத் தொடர் முழுவதும் பத்துக் கோல். ஆனால் 2018இல் கிண்ணம் வென்ற அணியில் அவர் இல்லை, பயிற்சியாளர் எடுக்கவில்லை. நட்சத்திரத்தை நம்பியிருந்த அணி அவரில்லாமல் எப்படி ஒழுங்காகப் பின்னால் நின்று ஆடப் பழகியது என்று அந்த இறுதிப்போட்டியில் பார்க்கலாம்.

சேத்ரி உயரமான ஆளில்லை, மின்னல் வேகமும் இல்லை. அவரைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது அவர் எங்கே நடக்கிறார், எந்தப் பின்கள வீரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார் என்று ஐந்து நிமிடம் மட்டும் பாருங்கள். 2023இல் பாகிஸ்தானோடு மூன்று கோல் அடித்தபோது அவருக்கு வயது 38. 2024 ஜூனில் ஓய்வு என்றார், 2025 மார்ச்சில் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் சங்கத் தலைவர்கள் செய்கிற வேலைதான், ஆனால் இவர் வந்தவுடன் கோலும் போட்டார்.

மற்ற அணிகளில் ஆளுக்கொருவர் போதும். பூட்டானில் செஞ்சோ கெல்ட்ஷென், இந்தியக் கழகங்களில் ஆடிப் பெயரெடுத்தவர். நேபாளத்தில் கோல் காப்பாளர் கிரண் செம்ஜோங். பங்களாதேஷில் 2023இன் சிறந்த கோல் காப்பாளர் அனிசுர் ரஹ்மான் சிகோ. 2025இல் அந்த அணிக்கு இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி வந்து சேர்ந்தார், லெஸ்ரர் சிற்றிக்கு ஆடியவர். அவர் நடுக்களத்தில் நின்றால் பங்களாதேஷின் ஆட்டமே வேறு.

இலங்கைக்கு வருவோம். 2023 ஜனவரியில் வெளித்தலையீடு காரணமாக ஃபீஃபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்ட்டில்தான் நீக்கியது. அதனால் பெங்களூர்த் தொடரில் நாங்கள் இல்லை. அதன்பிறகு வந்த அணி பழைய அணி இல்லை. ஜேர்மனியில் வளர்ந்த குளோடியோ கமர்க்னெக்ற், அவுஸ்திரேலியாவிலிருந்து ஜக் ஹிங்கேர்ட் என்று வெளிநாட்டில் பிறந்தவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். 2024இல் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டமும் சமனாகி, அவர்களுடைய மண்ணிலேயே பெனால்ட்டியில் வென்றார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் வந்து ஆடுவது சரியா, உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் போகாதா என்று எங்கள் பக்கமும் வாக்குவாதம் உண்டு. என்னைக் கேட்டால், மன்னாரிலும் குருநகரிலும் கடற்கரை மணலில் ஆடி வளர்கிற பொடியளுக்குப் பயிற்சியும் பார்வையாளரும் கிடைக்காததுதான் பிரச்சினை. வெளிநாட்டில் இருந்து வருகிறவன் அதற்குக் காரணமில்லை.

இலங்கை ஆட்டத்தைக் கீழிருந்து மேலே பாருங்கள். கோல் காப்பாளர் சுஜான் பெரேராவில் தொடங்குங்கள். அவருக்கு முன்னால் நிற்கும் பின்களம் எவ்வளவு இறங்கி நிற்கிறது, பந்து பறிபட்டதும் எத்தனை பேர் ஓடி வருகிறார்கள் என்று கவனியுங்கள். 2021இல் பழைய அணி இப்படித்தான் இந்தியாவை 0-0 என்று மறித்தது. முன்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தால் அன்றைய ஆட்டம் சலித்திருக்கும்.

ஊர் மைதானத்தில் கண்ணைப் பழக்குங்கள்

தொடர் தொடங்க முன் ஒரு பின்னேரம் உங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிக்குப் போய் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கோல் கம்பத்துக்குப் பின்னால் வேண்டாம். அங்கிருந்துதான் ஓவ்சைட் விளங்கும். ஏழுபேர் ஆட்டங்களில் பல இடங்களில் ஓவ்சைட் பார்ப்பதில்லை, ஆகவே பதினொருபேர் ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். தன் அணியில் ஒருவர் பந்தை உதைக்கிற அந்தக் கணத்தில், தாக்குகிற வீரர் எதிரணியின் பாதியில், பந்துக்கும் கடைசிக்கு முந்திய எதிரணி வீரருக்கும் அப்பால் நின்றால் ஓவ்சைட். பந்து வந்து சேருகிற நேரம் கணக்கில்லை. வரியாக நிற்கும் பின்கள வீரர்கள் ஒன்றாக ஒரு அடி முன்னே வைப்பதை நேரில் ஒருதரம் கண்டால், ரி.வி.யில் நூறுதரம் பார்த்ததற்குச் சமம்.

ஒலிபெருக்கியில் கத்துகிற அறிவிப்பாளரின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அவருக்கு இரண்டு அணியிலும் மருமக்கள் இருப்பார்கள்.

நேரத்தையும் திரையையும் ஒழுங்குபடுத்துங்கள்

இந்தியாவில் நடந்தால் எங்கள் நேரமேதான். காத்மண்டு கால் மணித்தியாலம் முந்தி, டாக்காவும் திம்புவும் அரை மணித்தியாலம் முந்தி. மாலேயும் பாகிஸ்தானும் அரை மணித்தியாலம் பிந்தி. டாக்காவில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே 6.30க்கு உட்கார வேண்டும்.

சாஃப் ஆட்டங்களில் பல, குறிப்பாகப் பெண்கள், வயதுப்பிரிவு ஆட்டங்கள், யூரியூப்பில் நேரலையாக வரும். தனியே போனில் பார்ப்பதைவிட சனசமூக நிலையத்தில் நாலு பேரோடு பார்ப்பது நல்லது. ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு ஸ்பீக்கர், மடிக்கணினி. துணியைச் சுவரோடு ஒட்டிக் கட்டுங்கள். ஜூன், ஜூலையில் சோளகம் அடிக்கிற காலத்தில் வெளியில் கட்டினால் ஆட்டம் முழுக்கத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. வெளியில் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

முத்தையன்கட்டுப் பக்கம், ஒட்டுசுட்டான் உட்பக்கம் மாதிரி இடங்களில் சிக்னல் ஏறி இறங்கும். இரண்டு கம்பனியின் சிம் இரண்டு போனில் இருக்கட்டும். முதல்நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் ஏதாவது ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். பகலில் வேகமாக ஓடுவது இரவு ஊரே போனை எடுத்த பிறகு நிற்கும். படத்தின் தரத்தை நீங்களே 480இல் நிறுத்திவிட்டால் இடையில் சுற்றிக்கொண்டு நிற்காது, டேற்றாவும் மிஞ்சும். நேரலை எப்படியும் அரை நிமிடமாவது பிந்தித்தான் வரும். அறைக்குள் இருக்கிற எல்லோரும் வட்ஸ்அப்பை மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் லண்டனில் இருக்கிற மச்சானின் "கோல்ல்ல்" முந்திக்கொண்டு வந்துவிடும்.

காட்டோர வீதியால் திரும்புகிறவர்கள் தனியே மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். நெடுங்கேணிப் பக்கம் யானை கிண்ணம் பார்ப்பதில்லை.

பெண்கள் தொடரையும் பாருங்கள்

புது ஆட்கள் பலருக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்றுகூடச் சொல்வேன். பெண்கள் சாஃப் 2010இல் தொடங்கியது. முதல் ஐந்தையும் இந்தியா எடுத்தது. பிறகு 2022இலும் 2024இலும் பங்களாதேஷ், இரண்டு தடவையும் காத்மண்டுவிலேயே நேபாளத்தைத் தோற்கடித்து. 2022 அணியின் தலைவி சபினா காத்தூன் அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவர். நேபாளத்தின் சபித்ரா பண்டாரியை ஒருதரம் ஓட விட்டுப் பாருங்கள், பின்களம் சிதறும். பந்தை நிலத்தில் வைத்துக் கொடுத்து வாங்குகிற ஆட்டம் என்பதால் பார்க்கப் பழகுகிறவருக்கு ஒழுங்கு இலகுவில் பிடிபடும். வீட்டில் பள்ளிக்கூட அணிக்கு ஆடுகிற மகள் இருந்தால் அவளைப் பக்கத்தில் இருத்துங்கள். உங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் விளங்கும்.

கொழும்புக்குப் போவதென்றால்

இலங்கையில் தொடர் நடந்தால் போய்ப் பார்க்கலாம். 1995ம் 2008ம் இறுதிப்போட்டிகள் சுகததாசவில் நடந்தவை. அங்கே ஓட்டப்பாதை இடையில் இருப்பதால் கீழ்ப்படிகளில் இருந்தால் தூரத்துக் கால்கள்தான் தெரியும், மேலே ஏறுங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானம் அதைவிடச் சிறியது, ஆட்டம் கிட்ட நடக்கும்.

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸும் இரவு ரயிலும் உண்டு. குழுநிலை ஆட்டம் என்றால் இடைவேளையோடு இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அன்றிரவே திரும்பலாம். அரையிறுதி, இறுதிக்கு அப்படிக் கணக்குப் போடாதீர்கள். மேலதிக நேரம், பெனால்ட்டி, பரிசளிப்பு எல்லாம் சேர்ந்தால் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டும். 2023 இறுதியில் இந்தியாவும் குவைத்தும் 1-1 என்று நின்று, பெனால்ட்டியில் ஐந்தடியும் முடிந்து, அடுத்த அடியில்தான் குர்பிரீத் சிங் தடுத்து முடித்துவைத்தார். திரும்புகிற பஸ்ஸில் சீற் போடும்போது கடைசி பஸ்ஸையே கேளுங்கள், அல்லது அடுத்தநாள் காலைக்குப் போடுங்கள்.